கத்தத் தெரியாதவள்

அவளுக்குக் கத்தத் தெரியாது. பிறந்தபோதே அழவில்லை, இரண்டு தட்டு தட்டித்தான் அழ வைத்தார்கள் என்று அவள் அம்மா சொல்வார். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பமே அப்படித்தான். அப்பா இறந்த காலையில் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, "அப்பா எழுந்திரிக்கல, கொஞ்சம் வந்து பாரு" என்றார். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் இவர்கள் எல்லோரும் கல் நெஞ்சுக்காரர்கள்.

ஒரு காலத்தில் அந்தக் குரலுக்குச் சம்பளமே கிடைத்தது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருடம் முன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கி வருகிறவர்கள் அவளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, உள்ளே போய்ச் சமர்த்தாக வாயைத் திறந்தார்கள். "பாதி மயக்க மருந்து வெளியிலயே குடுத்துடுறாங்க" என்று டாக்டர் கேலி செய்வார். பிறகு போனில் விரலால் தட்டினாலே நேரம் குறித்துக்கொள்ளலாம் என்று வந்தது. டாக்டர் நல்லவர். மனமே இல்லாமல்தான் அவளை அனுப்பினார். அனுப்பிவிட்டார் என்பதுதான் விஷயம்.

அதன் பிறகு கிடைத்ததுதான் அந்த ஹால் வேலை.

ஒரு மருந்துக்கடையின் மேலே இரண்டாவது மாடி. நாற்பது நாற்காலி, நாற்பது திரை, நாற்பது ஹெட்போன். ஜன்னல்களில் கருப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள். அவசர உதவி எண்ணுக்கு வந்த பழைய அழைப்புகளைப் பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவார்கள். பெயரும் முகவரியும் வருகிற இடத்தில் 'கூ' என்று ஓர் ஓசை. துண்டைக் கேட்டு மூன்று பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் என்றால் சீக்கிரம். பச்சை என்றால் காத்திருக்கலாம். இப்படி லட்சக்கணக்கில் அழுத்திக் கொடுத்தால், எந்தக் குரலுக்கு முதலில் வண்டி அனுப்புவது என்று இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்ளுமாம். ஆட்கள் போன் எடுத்துப் பேசியபோது எல்லோரையும் வரிசைப்படி எடுத்ததில் பலர் செத்துப்போனார்களாம். அது உண்மைதான். நல்ல எண்ணத்தில் தொடங்கிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விதிமுறைத் தாளின் முதல் வரி: சொல்லைப் பார்க்க வேண்டாம், குரலை மட்டும் பாருங்கள். சொல்லைக் கவனிக்க வேறொரு பிரிவு இருக்கிறதாம்.

"அந்தப் பிரிவு எங்க இருக்கு?" என்று முதல் நாள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டாள். அவர் இருபது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து முட்டி போனதால் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு வந்தவர்.

"இருக்குன்னு சொல்றாங்க. நான் பார்த்ததில்ல. நீங்க எங்க வேலை பார்த்தீங்க, ரிசப்ஷனா? சரி, ரிசப்ஷன் அம்மா, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. ஒரே துண்டை மூணு பேர் கேப்போம். ரெண்டு பேர் ஒரே பொத்தான அழுத்தினா அதுதான் செல்லும். மூணாவது ஆளுக்கு மார்க் போச்சு. அதோ மூலையில நம்பர் தெரியுதே, அது எண்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா மறுநாள் இந்த நாற்காலியில வேற ஆள்."

"அப்போ சரியா கேட்டு அழுத்தணும்."

"சரியா எதுக்கு? மத்த ரெண்டு பேரும் எதை அழுத்துவாங்களோ, அதை அழுத்தணும்."

ஹாலில் எழுதாத சட்டம் ஒன்று அதற்குள் உருவாகியிருந்தது. கத்தினால் சிவப்பு, அழுதால் மஞ்சள், நிதானமாகப் பேசினால் பச்சை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. நாற்பது பேரும் மற்ற முப்பத்தொன்பது பேரின் விரலை யோசித்து யோசித்து அங்கே வந்து நின்றிருந்தார்கள்.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு துண்டு வந்தது. ஓர் ஆணின் குரல். கடையில் சாமான் சொல்கிறவர் மாதிரி, ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னார்: "என் பொண்ணு தண்ணித் தொட்டியில கிடந்தா. வெளிய எடுத்துட்டேன். மூச்சு விடல. வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன். கதவைத் திறந்து வெச்சிருக்கேன்."

அவள் சிவப்பை அழுத்தினாள். யோசிக்கவே இல்லை. அது அவள் வீட்டுக் குரல்.

மற்ற இருவரும் பச்சை. மேற்பார்வையாளர் கூப்பிட்டார். மரியாதையான இளைஞர். திரையில் அந்தக் குரலைக் கோடாகப் போட்டுக் காட்டினார்.

"பாருங்க மேடம், கோடு தட்டையா போகுது. இதுல அவசரம் எங்க இருக்கு?"

"அவர் என்ன சொல்றார்னு கேளுங்க சார்."

"சொல்றதுக்கு வேற டீம் இருக்கு மேடம். நம்ம வேலை குரல் மட்டும்தான்."

"இப்படிப் பேசுறவங்க இருக்காங்க சார். உள்ள என்ன நடந்தாலும் வெளிய இப்படித்தான் வரும்."

"எத்தனை பேர் மேடம் அப்படி இருப்பாங்க? நூத்துல ரெண்டு பேர்? அந்த ரெண்டு பேரைப் பார்த்தா இயந்திரம் குழம்பிடும்." அவர் துண்டை மறுபடி அவள் திரைக்கு அனுப்பினார். "திருத்திடுங்க. உங்க மார்க்கையும் சரி பண்ணிடறேன்."

அவள் திருத்தினாள். பச்சையை அழுத்தினாள். எண் எண்பத்து மூன்றிலிருந்து எண்பத்து ஒன்பதுக்கு ஏறியது. கோபம் வந்ததா என்றால் வரவில்லை. அழுகையும் வரவில்லை. கீழே போய் ஒரு டீ குடித்தாள், சர்க்கரை போட மறந்திருந்தார்கள், அதையும் கேட்காமல் குடித்துவிட்டு மேலே வந்தாள். அன்றைக்கு எண்ணூற்று நாற்பது துண்டு முடித்தாள். இரண்டு வருடத்தில் ஹாலிலேயே அவள் மார்க்தான் அதிகம். தொண்ணூற்றெட்டு. தன் குரல் மாதிரிக் குரல் எது வந்தாலும் விரல் தானாகப் பச்சைக்குப் போனது. கேட்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் கேட்கப் பழகியிருந்தாள்.

வீட்டில் அவளும் கணவரும்தான். பிள்ளை இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கைபட்டவை. குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. "டாக்டர் வீட்டுல மருந்து இருக்காது, தெரியுமில்ல" என்பார் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே. இயந்திரம் வேலைக்கு வந்த அதே மாதத்தில் அவருக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தது. அப்போது அவர் ஓர் ஆஸ்பத்திரியின் லிஃப்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தார். அதிர்ஷ்டம் என்றால் அதுதான் அதிர்ஷ்டம்.

அங்கிருந்த இதய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னொரு தடவை வந்தா நேரம் கையில இருக்காது. கால் மணி நேரத்துக்குள்ள வண்டியில ஏத்திடணும். உதவி எண் போனிலேயே இருக்கட்டும்."

எண் போனில் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது அது மட்டுமல்ல. தான் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஊரிலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

ஒரு முறை வாயைத் திறந்தும் பார்த்தாள். இயந்திரம் வந்ததில் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது என்று ஹாலில் கேக் வெட்டிய அன்று மேற்பார்வையாளரிடம் போய், "நிதானமா பேசுறவங்களுக்கு லேட்டாகுமே சார், அதை யாராவது பார்க்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"அவங்க யாரும் புகார் பண்ணலையே மேடம்" என்றார் அவர், கையில் கேக்குடன்.

பண்ண மாட்டார்கள்தான். பண்ணினாலும் நிதானமாகப் பண்ணுவார்கள்.

ஊர் மட்டும் லேசுப்பட்டதா? ஆறு மாதத்தில் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கத்தினால் வண்டி வருகிறது. போனிலிருந்து போனுக்குச் செய்தி பறந்தது: கூப்பிடும்போது கத்துங்கள், நடுவில் ஒரு முறை மூச்சு முட்டட்டும், பக்கத்தில் குழந்தை இருந்தால் கிள்ளி விடுங்கள். விரலில் கத்தி பட்டவர் கொலை விழுந்த மாதிரி அலறினார். ஹாலுக்கு வந்த புதுத் துண்டுகளில் பத்துக்கு எட்டு கூச்சல். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். விதிமுறைத் தாளும் மாறியது. இனி வெறும் கத்தல் சிவப்பு இல்லை, குரல் உடைந்து கத்தினால்தான் சிவப்பு. "நேத்து சிவப்பு இன்னைக்கு மஞ்சள்" என்றார் கண்டக்டர். "நேத்து மஞ்சள் இன்னைக்குப் பச்சை. நேத்துப் பச்சை எங்க போகும்னு கேக்காதீங்க, பஸ்ல இடமில்ல." ஊரும் சளைக்கவில்லை. குரலை உடைத்துக் கத்தப் பழகிக்கொண்டது.

அது போனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கரண்ட் ஆபீஸ் ஜன்னலில் மெதுவாகக் கேட்ட அவளைத் தாண்டி, பின்னால் நின்று கூச்சல் போட்டவரின் தாளை வாங்கினார்கள். மருந்துக்கடையில், வங்கியில், பஸ் ஏறுகிற இடத்தில், எங்கும் அதே கதை. ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கத்துகிறவருக்குத்தான் உண்மையில் ஏதோ ஆகியிருக்கிறது என்று அவர்கள் காதும் கற்றுக்கொண்டுவிட்டது. இயந்திரத்துக்கு நாற்பது பேர் சொல்லிக் கொடுத்தார்கள். ஊருக்கு இயந்திரம் சொல்லிக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் குரலுக்குப் பச்சைதான் விழும் என்ற விஷயத்தை அவள் கணவரிடம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்தார்.

"சரி, நான் செத்துட்டு இருக்கேன். கூப்பிடு பார்ப்போம்."

அவள் டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் கீழ விழுந்துட்டார். மூச்சு விட முடியல. சீக்கிரம் வாங்க."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன இது, பல்லு பிடுங்க நேரம் குடுக்கிற மாதிரி இருக்கு. புருஷன் போகப் போறான்டி. கத்து."

அவள் கத்தினாள். தும்மல் மாதிரி ஏதோ வந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்ததில் தொண்டை கட்டிக்கொண்டது. அவருக்குச் சிரிப்பில் நெஞ்சு வலிக்கிற மாதிரி ஆகிவிட, அவள் பயந்துபோய் நிறுத்திவிட்டாள்.

"விடு. நமக்குத்தான் எதிர்வீட்டுல சைரன் இருக்கே" என்றார்.

சைரன் என்று அவர் வைத்த பெயர். எதிர்வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிற பெண். பால் பொங்கினாலே தெருமுனைவரைக்கும் கேட்கும். இவள் அன்று மாலையே போய் வீட்டுச் சாவியைக் கொடுத்துக் கேட்டாள். "அப்படி ஒண்ணு ஆச்சுன்னா எனக்காக நீங்க போன்ல கத்தணும்."

"ஐயோ அக்கா, இதெல்லாம் போய் ஒரு உதவின்னு கேப்பாங்களா? ஊரையே கூட்டிட மாட்டேன்?" என்றாள் அந்தப் பெண். அதைச் சொல்லும்போதே கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னவென்று எட்டிப் பார்த்தார்.

அது நடந்தது ஒரு புதன்கிழமை மதியம். காலை ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலை முடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது.

எதிர்வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினாள். பூட்டியிருந்தது. சைரன் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். கீழ்வீட்டிலும் ஆள் இல்லை. திரும்பி வந்து எண்ணைப் போட்டாள். போனைத் தரையில் வைத்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

"உங்கள் அவசரம் என்ன?" என்றது போன்.

"என் வீட்டுக்காரர் விழுந்துட்டார். இதய நோயாளி. மூச்சு இல்ல. நான் நெஞ்சை அழுத்திட்டு இருக்கேன். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ரெண்டு ஆளா வரணும்." முகவரியையும் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

"நன்றி. உங்கள் அழைப்பு பதிவாகியுள்ளது. உங்களுக்கு முன்னால் பதினான்கு பேர் இருக்கிறார்கள்."

பச்சை. எந்த விரல் அழுத்தியது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

மறுபடி சொன்னாள். கத்த வேண்டும் என்று நினைத்தாள். வாயைப் பெரிதாகத் திறந்தாள். "தயவு செஞ்சு வாங்க" என்று வந்தது, அதே குரலில். உள்ளே எல்லாம் கழன்று கொட்டிக்கொண்டிருந்தது, வாய்க்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

"உங்களுக்கு முன்னால் பதினாறு பேர் இருக்கிறார்கள்" என்றது போன். பின்னால் கூப்பிட்டுக் கத்திய இரண்டு பேர் முன்னால் போயிருந்தார்கள். அவள் அழுத்துவதை நிறுத்தவில்லை. எண்ணிக்கொண்டே அழுத்தினாள். முப்பது, மறுபடி ஒன்றிலிருந்து. பத்தொன்பது பேர் என்றபோது படிக்கட்டில் சைரனின் குரல் கேட்டது. இரண்டு மாடிக்குக் கீழிருந்தே யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டு ஏறி வந்தாள்.

"இங்க வாங்க" என்றாள் இவள். அது கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவில் எறிந்தாள்.

சைரன் உள்ளே வந்தாள், பார்த்தாள், பையைப் போட்டுவிட்டுத் தரையில் கிடந்த போனை எடுத்தாள். அவள் போட்ட அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடிப்பு இல்லை. அவள் நிஜமாகவே பயந்திருந்தாள். அரை நிமிடத்துக்குள் மனிதக் குரல் ஒன்று வந்து, "அழாதீங்கம்மா, வண்டி கிளம்பிடுச்சு" என்றது. பதினோரு நிமிடத்தில் வந்தும்விட்டார்கள். அதற்கு முன்னால் போனது ஒன்பது நிமிடம். போனில் அது பதிவாகியிருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு பெண்கள். சைரன் சுவரோரம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாற்காலி ஆடுதுன்னு நான்தான் சொன்னேன்... என் தையல் ஸ்டூலையும் பார்த்துக் குடுக்கிறேன்னு சொன்னாரு..." இவள் அவருடைய செருப்பை ஒரு கவரில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவருடைய வயது, சாப்பிடுகிற மாத்திரை, ரத்த வகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். எழுத்து அழகாக இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயது, முகத்தில் களைப்பு. தாழ்வாரத்தை ஒரு பார்வை பார்த்தார். நேராகச் சைரனிடம் போய், பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, என்னைப் பாருங்க. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். வரும்போதே இதயம் நின்னிருந்தது. உங்க வீட்டுக்காரர் வலியில்லாமத்தான் போயிருக்கார், அதை நான் உறுதியா சொல்ல முடியும். யாரோ விடாம நெஞ்சை அழுத்தியிருக்காங்க, ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க. அவர் தனியா போகல. மனசைத் தேத்திக்குங்கம்மா."

சைரனுக்கு அழுகை இன்னும் கூடிப்போனது. பேச வரவில்லை. ஒரு கையை உருவி எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன் இவங்களுக்கு" என்றார்.

அவள் போனாள். தாழ்வாரத்தின் கோடியில் குழாய் இருந்தது. கிளாஸைக் கழுவினாள், நிரப்பினாள், சிந்தாமல் கொண்டு வந்தாள். சைரனிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "டாக்டர், நான்தான் அவரோட மனைவி" என்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு, நிஜம்தானா என்று கேட்பது போல, சைரனைப் பார்த்தார். சைரன் தலையை ஆட்டினாள். டாக்டர் எழுந்து நின்று கோட்டைச் சரி செய்துகொண்டார்.

"ஓ... சாரிம்மா. அவர் இறந்துட்டார்."

அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

"முதல்ல இவங்ககிட்ட சொன்னதை எனக்கும் ஒரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டாள் அவள். "வலியில்லாமப் போனார்னு சொன்னீங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். அப்போது தாழ்வாரத்தின் மறுபக்கம் ஒரு தள்ளுவண்டியோடு யாரோ அலறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அந்தப் பக்கம் ஓடினார்.